கோர்ட்டே கற்றுத்தருமா?

சுற்றுச்சூழல் சட்டத்தில் எல்.எல்.எம். வீண், சீனியரிடம் சேர்ந்தால் கோர்ட்டே கற்றுத்தரும் என்கிறார்கள்.

ஒன்று: எந்த சீனியர்? ஜாமீனும் பாகப்பிரிவினையும் நடத்துகிற அலுவலகத்துக்கு நிலத்தடி நீர் வழக்கு எப்போது வரும்?

இரண்டு: ஸ்டெர்லைட் ஆலைக்குச் சாதகமான பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2019-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் புகையல்ல; அந்த வழக்கை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகார வரம்பே இல்லை. சுற்றுச்சூழல் அனுமதிகளை எதிர்த்து அதே தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60. 91-ஆம் நாள் போனால் கதவு திறக்காது. இதையெல்லாம் கட்சிக்காரர் செலவிலா கற்பது?

மூன்று: வேலூர்த் தோல் ஆலை வழக்கில் 1996-இல் ஏற்கப்பட்ட முன்னெச்சரிக்கைக் கோட்பாடு சர்வதேசச் சட்டத்திலிருந்து வந்தது. எல்.எல்.பி.யின் ஒற்றைத் தாளில் அதற்கு எத்தனை பக்கம்?

சில கல்லூரிகளில் பாடம் நடத்துவதே இல்லை என்பீர்கள். உண்மைதான். அதற்குக் கல்லூரியைத் திட்டுங்கள், படிப்பை ஏன் திட்டுகிறீர்கள்?