கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா?

மாதவரத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பிளஸ் டூ மார்க் சீட்டோடு வந்து நின்றான். மாநிலக் கல்லூரியில் ஜியாலஜி கிடைக்கும்போல இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டான். கூட வந்த அவன் அம்மாதான் நேராக விசயத்துக்கு வந்தார். "கல்லப் படிச்சா சோறு போடுமாண்ணா? இவங்கப்பா லாரி ஷெட்டுல மூட்டை தூக்குறாரு. அவருக்கு இன்னும் எத்தினி வருசம் முதுகு தாங்கும்?"

இதை அறியாமை என்று சிரிக்கிற படித்தவன் கணக்குத் தெரியாதவன். மேல்சாதி வீட்டில் பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்று கேட்பார்கள். நம்ம வீட்டில் ஒரு ஆள் கூலி நின்றுபோனால் யார் ஈடுகட்டுவது என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் முதல் கேள்விக்குப் போக முடியாது.

அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய பாரமில்லை. 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. 2021இல் திருத்திய விதிகளின்படி குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அது நேரத்துக்கு வராது என்பதும் நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். களப்பயணம் என்று ஒன்று வரும். சேலத்து மேக்னசைட்டும் அரியலூர்ப் புதைபடிவங்களும் வகுப்பறைக்குள் வராது, நாம்தான் போக வேண்டும். பஸ், சாப்பாடு, தங்குகிற இடம். "நான் வரல சார்" என்று முதலில் கை தூக்குகிறவன் எந்தத் தெருப் பையன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பெரிய செலவு இதுவல்ல, வருசங்கள்தான். மூன்று வருச பி.எஸ்ஸி.யோடு ஜியாலஜிஸ்ட் ஆக முடியாது. 1851இல் வெள்ளைக்காரன் நிலக்கரி தேட ஏற்படுத்திய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கு முதுகலை கட்டாயம். ஆக ஐந்து வருசம். அப்புறம் தேர்வுக்கு ஒன்றிரண்டு வருசம். தேறினால் குரூப் ஏ பதவி, ஏழாவது ஊதியக்குழு கணக்கில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். நமக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, வயதில் ஐந்து வருசத் தளர்வு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இடம் எத்தனை? 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 285. அடுத்த வருசம் 56! இந்தியா முழுவதற்கும் சேர்த்து, எல்லா வகைப் பதவிகளுக்கும் சேர்த்து. அதில் நூற்றுக்குப் பதினைந்து என்று போட்டால் எட்டுப் பேர். தேர்வும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவன் பாறையோடு மட்டுமல்ல, அந்த மொழியோடும் மோத வேண்டும்.

தனியார் பக்கம் போனால் போர்வெல், குவாரி, மண் பரிசோதனை. குவாரி முதலாளி யார், கல் உடைத்து நுரையீரலில் தூசி வாங்கிக்கொள்கிறவர் யார்? அந்த வட்டத்துக்குள் வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் சொந்தக்காரர் சொல்லி, சாதிக்காரர் சொல்லித்தான்.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை.

மாநிலக் கல்லூரி எங்கே இருக்கிறது? மெரினாவுக்கு எதிரே. அந்த மெரினா எப்படி இவ்வளவு அகலமானது? 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வருசத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகருகிற மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைக்கு வரவேண்டிய மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. மீனவர்கள் வீடு வீடாக இழந்தார்கள். அங்கே காற்று வாங்க வருகிறவர்களுக்கு, தான் நடப்பது யாருடைய கரை என்று தெரியுமா?

மீஞ்சூரில் 1960களில் வரிசையாகக் கிணறு போட்டு பட்டணத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் இறங்கியதும் கடல்நீர் அடிவழியாக உள்ளே பல கிலோமீட்டர் வந்துவிட்டது. பிறகு அதே மீஞ்சூரில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் ஓடிவந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. இதெல்லாம் ஜியாலஜிதான் அய்யா. 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி ஒரு ஆலையோ துறைமுகமோ வருமுன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். கனமான அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், சுருக்கம் மட்டும் தமிழில். நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தை எழுதியவன் கம்பெனி காசு கொடுத்து அமர்த்திய நிபுணன். அதைப் படித்து "இந்தக் கணக்கு தப்பு" என்று எழுந்து சொல்ல நம்ம பக்கத்தில் ஆள் உண்டா? 1943இல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். மேலே நின்று அறிக்கை வாங்கிப் படித்ததோடு நிற்கவில்லை.

அதனால் பையனிடம் இப்படிச் சொன்னேன். அரசுக் கல்லூரி என்றால் சேர். கடன் வாங்கித் தனியாரில் இந்தப் படிப்பு வேண்டாம். முதல் வருசத்திலிருந்தே ஆங்கிலத்தைப் பிடி. மூன்றாவது வருசம் வீடு தாங்காது என்றால் வெட்கப்படாதே. அதுவும் ஒரு டிகிரிதான், குரூப் டூ, குரூப் ஃபோர் எழுது, வேலைக்குப் போய்க்கொண்டே முதுகலைக்கு வழி பார். அம்மாவிடம், ஐந்து வருசம் என்றே கணக்குப் போடுங்கள், மூன்று என்று நினைத்துச் சேர்த்தால் நடுவில் ஏமாந்துபோவீர்கள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "கல்லு ஒடைக்க ஒரு சுத்தி வேணும்னு சொல்றானே, அத காலேஜ்ல குடுப்பாங்களாண்ணா, நாமதான் வாங்கணுமா?"