யாருடைய குரலுக்கு வீடு பணியும்?

"ஒரு சொல் சொன்னால் விளக்கு எரிகிறது, ஒரு சொல் சொன்னால் மின்விசிறி சுழல்கிறது, இதுவன்றோ அறிவியலின் விந்தை!" என்று நாங்களும் முதலில் வியந்தவர்கள்தாம். ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களுள் ஒருத்தி குறுக்கிட்டாள். "இதிலே என்னடி விந்தை? எங்க வீட்டிலே அப்பா சாய்வு நாற்காலியிலே உட்கார்ந்துகிட்டு 'ஃபேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஃபேன் சுத்துதே!" சுற்றத்தான் செய்கிறது. எழுந்து போய்ச் சுவிட்சைப் போடுபவள் அவள்.

எல்லாரும் சிரித்தோம். பிறகு அவரவர் வீட்டை எண்ணிப் பார்த்தோம். "தண்ணி!", "என் செருப்பு எங்கே?", "தொட்டி வழியுது பார், மோட்டாரை நிறுத்து!" இவையெல்லாம் குரலால் வீட்டை இயக்கும் ஆணைகள் அல்லாமல் வேறென்ன? சுவிட்சுக்கு அருகிலேயே அண்ணன் அமர்ந்திருப்பான். ஆனால் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருபவர் அம்மா. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு எழுபவள் மகள். ஆகவே குரலுக்குப் பணியும் வீடு நம் புதுவைக்குப் புதிதன்று. பணிவது யார் என்பதுதான் இப்போது மாறுகிறது. உண்மையிலேயே மாறுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

இக்கருவியை அறியாத பெற்றோருக்காக ஓரிரு வார்த்தைகள். அமேசான் நிறுவனத்தின் 'எக்கோ' என்னும் பேசும் பெட்டி 2014இல் அமெரிக்காவிலும், 2017இல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. 'அலெக்ஸா' என்று அழைத்தால் அது விழித்துக்கொள்ளும். கூகுள் நிறுவனத்தாரிடமும் இத்தகைய பெட்டி உண்டு. அலமாரியில் இருக்கும் அப்பெட்டி தன் பெயர் ஒலிக்கிறதா என்று ஓயாமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். பெயர் கேட்டதும் அடுத்து நாம் சொல்லும் சொற்களை இணையத்தின் வழியே எங்கோ உள்ள கணிப்பொறிக் கூடத்துக்கு அனுப்பும். அங்கே ஒலி எழுத்தாகி, எழுத்து பொருளாகி, பொருள் ஆணையாகித் திரும்பி வந்து நம் அறை விளக்கை எரிய வைக்கும். ஆறடி தூரத்து விளக்குக்கு இத்தனை நெடும் பயணம்! 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் நம் ஊருக்கருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதே, அன்று மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. பேசும் பெட்டி ஊமையாகிவிட்டது. நாங்கள் மெழுகுவத்தியைத் தேடினோம்.

எங்களுள் ஒருத்தியின் வீடு முத்தியால்பேட்டையில் உள்ளது. சென்ற ஆண்டு அவளுடைய மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது இத்தகைய பெட்டி ஒன்றையும், அது சொன்னபடி கேட்கும் பல்புகளையும் வாங்கி வந்தார். வீடே விழாக்கோலம் பூண்டது. மறுநாளே வந்தது தொல்லை. அவளுடைய ஆயா (பாட்டியை நம் ஊரில் அப்படித்தானே அழைக்கிறோம்!) இரவு படுக்கப் போகுமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். கரண்டு வீணாகக் கூடாது என்பது அவருடைய ஐம்பதாண்டு விரதம். ஆனால் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு உயிர் இல்லை. உயிர் இல்லாத பல்புக்குக் காது ஏது? காலையில் மாமா அழைக்க, பெட்டி "விளக்கு பதிலளிக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் கூறியது. மாமா சுவிட்சின்மேல் ஒரு தாளை ஒட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்தார்.

இந்தத் தாளைப்பற்றித்தான் எங்களுக்குக் கோபம். விடியற்காலையில் பாத்திரம் துலக்க வரும் அக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, சுவிட்சைத் தொடவும் அஞ்சி, பெட்டியிடம் பேசவும் நாணி, இருட்டிலேயே வேலை செய்தாராம். ஆயாவோ கழிப்பறைக்குப் போக எழுந்தால் பேத்தியை எழுப்புகிறார். தன் கையால் தன் வீட்டு விளக்கை ஏற்றும் உரிமையை எழுபது வயதுக்குப் பின் ஒருவரிடமிருந்து பறித்துவிட்டு, இதற்கு வசதி என்று பெயர் வைப்பது எவ்வகையில் நியாயம்?

"ஆயா பேசக் கற்றுக்கொள்ளட்டுமே" என்று சிலர் கூறலாம். எந்த மொழியில் பேசுவது? அந்தப் பெட்டியின் மொழிப் பட்டியலைத் தோழியர் நான்கு பேர் உட்கார்ந்து தேடினோம். ஆங்கிலம் இருந்தது, இந்தி இருந்தது, பிரெஞ்சும் இருந்தது, தமிழ் இல்லை. அதே தெருவில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். வேடிக்கைக்காக அவரை அழைத்து வந்து பெட்டியைப் பிரெஞ்சுக்கு மாற்றினோம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு "அல்யூம் லா லூமியேர்" என்றார். விளக்கு எரிந்தது! தாத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆயா எங்களைப் பார்த்து, "ஏம்மா, துரைங்க 1954லேயே கொடியை இறக்கிட்டாங்கன்னு சொன்னாங்களே, இது இன்னும் அவங்க பேச்சைத்தான் கேக்குதா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அலெக்ஸா 2018இல் பிரான்சுக்காகப் பிரெஞ்சு கற்றது. 2019இல் இந்தி கற்றது. கூகுள் நிறுவனம் 2019இல் கைப்பேசியில் உள்ள தன் உதவியாளருக்குத் தமிழைக் கற்பித்தது என்பதை நன்றியுடன் கூறத்தான் வேண்டும். ஆனால் ஏட்டுத் தமிழ் வேறு, ஆயாவின் தமிழ் வேறு. விளக்கை 'அணை' என்று சொல்ல நம் பாட்டிமார் பலருக்கு வாய் வராது. அது மங்கலமற்ற சொல் என்று 'அமர்த்து' என்பார்கள். 'அமர்த்து' என்றால் நாற்காலியில் உட்கார வைப்பதா, விளக்கை நிறுத்துவதா என்று ஓர் இயந்திரம் அறிய வேண்டுமானால், அப்படிப் பேசும் ஆயிரமாயிரம் பேருடைய குரலை அது முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

இனி, பெட்டியின் குரலுக்கு வருவோம். சிரி, அலெக்ஸா ஆகிய எல்லாமே அமெரிக்காவில் அறிமுகமானபோது பெண் குரலிலேயே பேசின. இது தற்செயல்தானா? யுனெஸ்கோ நிறுவனம் 2019இல் இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண்ணை இழிவுபடுத்தும் வசைச் சொல்லால் ஒருவர் திட்டினால், 'முடிந்தால் நாணிச் சிவப்பேன்' என்ற பொருள்படச் சிரி பதில் கூறி வந்ததாம். அந்தப் பதிலையே அறிக்கையின் தலைப்பாக வைத்தார்கள். திட்டினாலும் நாணும், எத்தனை முறை அழைத்தாலும் சலிக்காது, ஒருபோதும் எதிர்த்துப் பேசாது: இப்படியொரு பெண்ணைக் காலமெல்லாம் எதிர்பார்த்தவர்கள் இப்போது விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துவிட்டார்கள் போலும்! 2021இல் ஆப்பிள் நிறுவனம் ஆங்கிலத்தில் குரலைப் பயன்படுத்துவோரே தேர்ந்துகொள்ளும்படி மாற்றியது. அமேசானும் அவ்வாண்டே ஆண் குரல் ஒன்றைச் சேர்த்தது. நல்லதே. ஆனால் எங்கள் கவலை பெட்டியைப்பற்றியதன்று, அதன் எதிரே நிற்கும் ஆறு வயதுத் தம்பியைப்பற்றியது. "ஏய், பாட்டை நிறுத்து! ஏய், லைட்டைப் போடு!" என்று நாள் முழுதும் ஒரு பெண் குரலை அதட்டுகிறான். அதே தொனியில் மறுகணம் வேலைக்கார அக்காவை அழைக்கிறான், அக்காளை அழைக்கிறான். 'தயவு செய்து' என்று சொல்லும் குழந்தைக்கு நன்றி கூறும்படி அமேசானும் கூகுளும் 2018இல் ஒரு வசதியைச் செய்தன. அதை வீட்டில் யார் முடுக்கி வைப்பது? பெரும்பாலும் பெட்டியை வாங்கி வைப்பவர், முதலில் அதட்டக் கற்றுக்கொடுப்பவர்.

எல்லாவற்றையும் குறை கூறுகிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். மடத்தில் ஓய்வு பெற்றிருக்கும் முதிய சகோதரி ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது. மணி என்ன, மழை வருமா, இன்றைய புனிதர் யார் என்று அவர் கேட்க, பெட்டி சொல்கிறது. விளக்கையும் விசிறியையும் பிறர் துணையின்றித் தாமே இயக்குகிறார். ஒவ்வொரு முறையும் "தேங்க் யூ, சைல்ட்" என்கிறார். பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பவருக்கும், மூட்டுவலியால் எழ முடியாதவருக்கும் இக்கருவி ஒரு வரம் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. எழ முடியாதவருக்கு இது கையாகவும் காலாகவும் இருக்கட்டும். எழ முடிந்தும் எழாதவருக்கு எதற்கு?

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: ஒரு வீட்டில் இப்பெட்டியை வைப்பதானால், அவ்வீட்டில் எவருடைய குரல் மிகத் தாழ்ந்து ஒலிக்கிறதோ, அவருடைய குரலை அது கேட்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். கேட்கவில்லையெனில், சுவரில் உள்ள சுவிட்சின்மீது எவரும் தாள் ஒட்டக் கூடாது. இதற்கு வழியும் உண்டு. பல்பை மாற்றாமல், சுவிட்சுப் பலகைக்குள் சிறு ரிலே ஒன்றைப் பொருத்தினால், குரலுக்கும் விளக்கு எரியும், விரலுக்கும் எரியும். தக்க எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. மாமாக்கள் தாமே முயலவேண்டாம்.

கேட்கும் பெட்டி எதையெல்லாம் கேட்கிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. முத்தியால்பேட்டை வீட்டில் ஒருநாள் ஜெபமாலையின் நடுவே, எந்தச் சொல்லைத் தன் பெயர் என்று எண்ணியதோ, பெட்டி விழித்துக்கொண்டு "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று ஆங்கிலத்தில் கூறியதாம். ஆயா ஜெபத்தை நிறுத்தாமலே முறைத்தாராம். இது சிரிப்புக்குரியது. ஆனால் அமெரிக்காவில் குழந்தைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்தது தொடர்பான வழக்கில், 2023இல் அமேசான் நிறுவனம் 2½ கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது. இது சிரிப்புக்குரியதன்று. நம் நாட்டிலும் 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. இசைவு அளிக்குமுன் பெற்றோர் படித்துப் பார்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

சொன்ன சொல் வீட்டு வாசலைத் தாண்டாமலே விளக்கெரிய வழி உண்டா? உண்டு. 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற மென்பொருள் 2013இல் தொடங்கப்பட்டது, இலவசமானது. சீட்டுக்கட்டு அளவேயுள்ள ராஸ்பெரி பை கணிப்பொறியிலும் அது இயங்கும். 2023ஆம் ஆண்டைக் குரலுக்கான ஆண்டு என்று அவர்கள் அறிவித்து, அவரவர் மொழி வாக்கியங்களை அவரவரே எழுதிச் சேர்க்க வழி செய்தார்கள். பொறுமையும் ஓரளவு கணிப்பொறி அறிவும் வேண்டிய வேலை என்பதை மறைப்பதற்கில்லை. குரல் சேர்க்கும் பணியும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள 'ஏ.ஐ.ஃபார்பாரத்' குழுவினர் 22 இந்திய மொழிகளில் 16,000க்கும் மேற்பட்டோரின் பேச்சைப் பதிந்து, 2024இல் பொதுவில் வைத்தார்கள். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் எவரும் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரல் கொடுக்கலாம். பெற்றோர் இசைவுடன் மேல்வகுப்பு மாணவியர் ஒரு சனிக்கிழமையைக் கணிப்பொறிக் கூடத்தில் இதற்குச் செலவிட மதர் அனுமதிக்க வேண்டுமென்று இம்மலரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

அதற்கு முன்னோட்டமாக, அவரவர் வீட்டில் ஆயாவும் அம்மாவும் விளக்கை நிறுத்த என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தோம். 'அமர்த்து', 'நிறுத்து', 'ஆஃப் பண்ணு', 'லைட்டைக் கொறை' என்று பக்கங்கள் நிறைந்தன. முத்தியால்பேட்டைத் தோழியின் தாளில் மட்டும் ஒரே வரி இருந்தது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போது இரவு பத்து மணிக்கு ஆயா சொல்வது: "போதும் கண்ணு, படு." இதில் விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டோம். "அப்படிச் சொன்னா லைட்டை அமர்த்தணும்னு அர்த்தம்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டோம்.