எழுத்துப் போலி

எழுத்தை வைத்து விளையாடுதல் கற்றோர்க்குப் புதிதன்று. கணிப்பொறியில் எழுதுவோர் கையாளும் எடிட்டர் என்னுங் கருவிக்கு இணைப்பாக இந்நாளிற் கிடைக்கும் ஒரு விளையாட்டைப் பற்றி நம் கல்லூரி அன்பர்க்குச் சில கூற விழைகின்றேன். ஆங்கிலச் சொல்லொன்றைக் குறித்து ஒரு கட்டளையிட்டால் அது தடித்த எழுத்தாகும். மற்றொன்றிட்டால் வட்டத்துள் அடைபடும். பின்னுமொன்றிட்டால் தலைகீழாய்த் தொங்கும். இதனை வீண்செயலென்று இகழ்வாரோடு யான் உடன்படேன்.

இவ்வித்தையின் உள்ளுறை யாது? யூனிகோடு என்னும் உலக அட்டவணை ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் வகுத்துளது. தடிப்பும் சாய்வும் அச்சுருவின்பாற்பட்டன. அவற்றிற்குத் தனியெண் இல்லை என்பதே பொதுவிதி. அதற்குப் புறனடை கணிதம். கணித நூலார்க்குத் தடித்த எழுத்து ஒரு பொருளும் சுழித்த எழுத்து வேறொரு பொருளும் தருதலின், 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த 3.1 பதிப்பில் அவர்பொருட்டு 900-க்கு மேற்பட்ட குறிகள் எண் பெற்றன. விளையாட்டுக்காரர் கவர்ந்தது அவற்றையே. தலைகீழ் எழுத்தின் வரலாறோ இன்னும் சுவையுடைத்து. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஒலிநூலார் தமக்கென நெடுங்கணக்கு வகுத்தகாலை, புதிய அச்சு வார்ப்பியாமல், உள்ள அச்சையே தலைகீழாகக் கோத்துச் சில குறிகளை ஆக்கிக்கொண்டனர். அச்சுக்கூடத்து உபாயம் இன்று வேடிக்கையாய் மீண்டது!

இலக்கணத்திற் போலி என்பதொன்றுண்டு. 'அறம்' என்பது 'அறன்' என வரினும் பொருள் திரியாது. இங்கோ நிலைமை நேர்மாறு. கண்ணுக்கு அதே சொல். பொறிக்கோ வேறு குறிகளின் கோவை. தேடினாற் பலவிடத்தும் அகப்படாது. அதுவாயினும் சிறு துன்பமே. பார்வை இழந்தோர், திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு கற்கின்றனர். அது தடித்த சொல்லைக் காணின் ஒவ்வோர் எழுத்திற்கும் 'கணிதத் தடித்த பெரிய எழுத்து' என்பது போல நீண்ட பெயர் ஓதும். சிலபோது ஒன்றும் ஓதாது கடந்துவிடும். கூட்டத்தின் நாளும் இடமும் இவ்வாறு எழுதப்படின், அவ்வழைப்பு அவர்க்கு அழைப்பாகுமோ? அழகு செய்தோமென மகிழ்வோர் தாம் வாயிலை அடைத்ததை அறியார்.

மென்பொருளைத் திருத்துதலன்றோ முறை என்பாரும் உளர். அஃது ஓரளவு உண்மையே. கணிதக் குறிகளை இயல்பெழுத்தாக மீட்கும் நெறி யூனிகோட்டிலேயே உண்டு. ஆயினும் தலைகீழ் எழுத்துக்கு அஃது உதவாது. அவற்றுட் பல ஒலிநூற்கு உரிய தனியெழுத்துக்களாம். அன்றியும், கணிதம் பயிலும் பார்வையற்ற மாணவர்க்குத் தடித்த எழுத்தின் வேறுபாடு செவியிற் பட்டேயாகல் வேண்டும். பிறர் விளையாட்டின்பொருட்டு அவ்வேறுபாட்டை மென்பொருள் விழுங்குமாயின் இழப்பு அவர்க்கே.

தமிழெழுத்துக்கு இத்தகைய தடித்த மாற்றுருக்கள் அவ்வட்டவணையில் இல்லை. கட்டளையிடினும் நம் அகரம் அகரமாகவே நிற்கும். இதனைக் குறையென வருந்தும் தோழர் சிலர் உளர். யான் வருந்தேன்.

எழுதுவோன் தன் திரைக்குள் எவ்வளவும் விளையாடுக. மாணவர் சங்க அறிவிப்புக்கள் மட்டும் இயல்பெழுத்தில் வருக. அணி வேண்டின் அச்சுருவை மாற்றுக, எழுத்தின் எண் மாறாது. இவ்விணைப்புக்களை இயற்றுவோர், திரித்த சொல்லை மீண்டும் பழைய வடிவிற் கொணரும் கட்டளையையும் உடன் வைப்பாராயின் மிக நன்று.