15 புள்ளி போதாது

2023 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஆடவர் உலக கிளப் வாலிபால் போட்டியில் இத்தாலியின் பெருஜியா மீண்டும் கோப்பையை வென்றது. நம் அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. பழியை வீரர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர்கள் ஜெயித்து வந்த பிரைம் வாலிபால் லீகில் ஒரு செட்டுக்கு 15 புள்ளிகள்தான். உலக அரங்கிலோ 25. சீறி வரும் ஜம்ப் சர்வை முன்கையில் வாங்கத் தடுமாறுபவர் பந்தின் வளைவுக்குப் பழகுவதும், வலையோரம் எதிரணியின் தடுப்பைக் கணித்து செட்டர் பந்தைத் திசை மாற்றுவதும் அந்தக் கூடுதல் 10 புள்ளிகளுக்குள்தான். குறுகிய செட்தான் டிவிக்கு ஏற்றது என்கிறார்கள். ரசிகர்கள் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் 23-23 என்று நிற்கையில் அரங்கமே மூச்சடக்கிக் காத்திருக்கிறதே, அதைவிடவா ரசிகரைக் கட்டிப்போட வேறொன்று வேண்டும்?