சோம்பல் கண்ணும் லேசர் சிகிச்சையும்

"லேசர் செய்தால் என்ர கண் சரியாகிடுமா அக்கா?" பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் தனியாக வந்து கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் உள்ள பெண்கள். ஒரு கண் நன்றாகத் தெரியும், மற்றக் கண் சிறு வயதிலிருந்தே மங்கல். திருமணப் பேச்சு வரும்போது தடித்த கண்ணாடி ஒரு குறையாகப் பேசப்படுகின்றது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ லேசர் செய்வோமா என்று யோசிக்கின்றார்கள். கடன் பட்டபின் பேசிப் பயனில்லை என்பதால் இம்மாதம் இதை எழுதுகின்றேன்.

சோம்பல் கண் என்பது நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குக் காணப்படுவது. இதில் குறை கண்ணில் மட்டும் இல்லை. பிறந்த பிள்ளையின் மூளை, இரு கண்களாலும் பார்க்கப் பழகுவது முதல் ஏழெட்டு வருடங்களில்தான். அக்காலத்தில் ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலோ, ஒரு கண்ணின் வலு மற்றதிலிருந்து அதிகம் வேறுபட்டாலோ, பிறவியிலேயே கண்புரை இருந்தாலோ, மூளை தெளிவான கண்ணை மட்டும் நம்பி மற்றதைக் கைவிட்டு விடுகின்றது. கண்ணாடி போட்டாலும் அக்கண் தெளிவாகத் தெரியாததற்குக் காரணம் இதுவே.

எமது பிரதேசங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2009 இல் ஐந்து வயதில் முகாமுக்கு வந்த ஒரு பிள்ளைக்கு, கண் பழக வேண்டிய அந்த வருடங்கள் பங்கருக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கழிந்தன. பாடசாலையில் கண் பரிசோதனை நடக்கவேண்டிய காலத்தில் பாடசாலையே இடம்பெயர்ந்து கொண்டிருந்தது. பிள்ளையின் கண்ணைக் கவனிக்கவில்லை என்று தாயைக் குறை கூறுபவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி லேசருக்கு வருவோம். கண்ணின் முன்புறம் பளிங்கு போன்ற ஒரு படலம் உள்ளது. அதன் வளைவை லேசர் கதிரால் மிக நுண்ணிய அளவில் செதுக்கி, கண்ணாடி செய்யும் வேலையைக் கண்ணிலேயே செய்துவிடுகின்றார்கள். (இதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்ற ரங்கசாமி சீனிவாசன். 1981 இல் அமெரிக்காவில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் அவர் இக்கதிரை முதலில் சோதித்துப் பார்த்தாராம்!) ஆக, லேசர் என்பது கழற்ற முடியாத ஒரு கண்ணாடி. மூளை பழகாத பார்வையை அது பழக்காது.

ஒரு பெண்ணின் சோம்பல் கண், பொருத்தமான கண்ணாடியுடன் 6/24 வரை தெரிகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, மற்றவர் 24 மீற்றரில் வாசிப்பதை அவர் 6 மீற்றருக்கு வந்தே வாசிப்பார். கண்ணாடியின்றி விரல்களை எண்ணவே கஷ்டம். லேசர் செய்தபின் கண்ணாடி இல்லாமலே 6/24 தெரிந்தால், வைத்தியரின் கணக்கில் அது வெற்றி. 6/6 வரும் என்று நகையை அடகு வைத்தவருக்கோ அது ஏமாற்றம். ஆகவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நல்ல கண்ணாடி போட்டால் இந்தக் கண் எவ்வளவு தெரியும்?" லேசருக்குப் பின் எதிர்பார்க்கக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவே.

இருப்பினும் நன்மை அடைபவர்களும் உள்ளனர். ஒரு கண்ணில் மட்டும் கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ளவர்களுக்குக் கண்ணாடி அக்கண்ணின் உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டும். இரண்டு கண்ணும் இரண்டு அளவில் காட்டுவதால் தலையிடி வந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இவர்களில் சிலர் லேசருக்குப் பின் கண்ணாடியுடன் வாசித்ததைவிட ஓரிரு வரிகள் கூடுதலாக வாசிக்கின்றார்கள். மாறுகண் உள்ளவர்களுக்கோ சிலவேளை ஒன்று இரண்டாகத் தெரியும் தொல்லை வரலாம். பார்வைக்காக அன்றி, மாறுகண்ணை நேராக்கவே விரும்புபவருக்கு அதற்கான சத்திரசிகிச்சை வேறு. அதனை வளர்ந்தபின்னும் செய்யலாம். லேசரை 18 வயதுக்குப் பின், கண்ணாடியின் வலு மாறாமல் நின்ற பிறகே செய்வார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும்.

நல்ல கண்ணுக்கும் சேர்த்து லேசர் செய்யச் சொன்னால் மிகவும் யோசியுங்கள். உங்களிடம் இருப்பது அந்த ஒரு கண்தான். லேசரில் பெரிய பாதிப்பு அரிதென்றாலும், அந்த அரிது உங்கள் நல்ல கண்ணுக்கு நேர்ந்தால் மாற்றுக் கண் கிடையாது. விறகு கொத்தும்போதும், கல் உடைக்கும்போதும், மோட்டார் சைக்கிளில் போகும்போதும் உடையாத கண்ணாடி அணிவது லேசரைவிட மலிவான பாதுகாப்பு. நல்ல கண்ணை இழந்த பெரியவர்களில் சிலருக்கு சோம்பல் கண் ஓரளவு முன்னேறியதாகவும் பதிவுகள் உள்ளன. ஆதலால் ஷெல்லடியில் நல்ல கண்ணை இழந்த சகோதரிகள், "இது எப்பவும் மங்கல் கண்தானே" என்று விட்டுவிடாமல் அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் மீண்டும் ஒருமுறை காட்டுங்கள்.

சோம்பல் கண் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. உங்கள் பிள்ளையின் ஒரு கண்ணைக் கையால் மூடும்போது பேசாமல் இருந்து, மற்றதை மூடும்போது சிணுங்கினால் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை மூடி, மங்கல் கண்ணுக்கு வேலை கொடுப்பதே சிகிச்சை. நடுத்தரக் குறைபாட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் மூடுவதே ஆறு மணித்தியாலத்துக்குச் சமமான பலன் தந்ததாக 2003 இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஏழு வயது தாண்டிவிட்டதென்று கைவிடவும் வேண்டாம். 2005 இல் வெளிவந்த ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் சுமார் பாதிப்பேர் முன்னேறியிருந்தார்கள். மூடிய நேரத்தில் படம் கீற, மணி கோர்க்க, அரிசியில் கல் பொறுக்கக் கொடுங்கள்.