தாய்வழிக் குடியை மறந்துவிட்டு வேரை எங்கே தேடுவது?

கிழக்கிலங்கையின் கரையோர முஸ்லிம் ஊர்களிலிருந்து பிழைப்புக்காகவும், கல்விக்காகவும், யுத்தத்தின் கொடுமையினாலும் வெளியேறிச் சென்றவர்களின் பிள்ளைகள் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டனர். கொழும்பிலும், மத்திய கிழக்கிலும், ஐரோப்பிய நாடுகளிலும் வாழும் இத்தலைமுறையினர் தமது மூதாதையர் யார், உறவினர் எங்கெங்கே இருக்கின்றனர் என்று வினவத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்க விடயமாகும். ஆயினும் இத்தேடலில் இறங்குகின்றவர்கள் முதலடியிலேயே ஒரு தடையைச் சந்திக்கின்றனர். மேல்நாட்டவர் ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பல தலைமுறைகள் பின்னோக்கிச் செல்கின்றனர். பொத்துவிலிலோ, அக்கரைப்பற்றிலோ, கல்முனையிலோ அவ்வாறு பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது.

நமது பெயரிடும் முறையை இங்கு சற்று நோக்க வேண்டும். தந்தையின் பெயரே மகனுடைய பெயரின் முதலெழுத்தாக நிற்கின்றது. அகமது லெப்பை என்பவரின் மகன் இஸ்மாயில் என்று வைத்துக்கொள்வோம். அவர் அ. இஸ்மாயில் ஆவார். அவரது மகன் யூசுப், இ. யூசுப் ஆவார். பேரனின் பெயரில் பாட்டனாரின் சுவடே இல்லை. லெப்பை, மரைக்கார், ஆலிம், போடியார், உடையார், ஓடாவி, பரியாரி போன்ற சொற்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும், அவை தொழிலையோ, பதவியையோ, கல்வியையோ குறிப்பனவேயன்றி வம்சத்தைக் குறிப்பன அல்ல. இரண்டு ஊர்களில் இரண்டு மரைக்கார்கள் இருந்தால் அவர்கள் உறவினர் என்று கொள்வதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

அவ்வாறாயின் நமது முன்னோர் வம்சத்தை எவ்வாறு அறிந்து வைத்திருந்தனர்? 'குடி' என்ற அமைப்பே அதற்கான விடையாகும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஒருவர் எக்குடியைச் சேர்ந்தவர் என்பது தாயைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டு வந்தது. உம்மாவின் குடியே பிள்ளையின் குடி. வாப்பாவின் குடி வேறாகவே இருக்கும். ஏனெனில் ஒரே குடிக்குள் மணம் முடிப்பது தவிர்க்கப்பட்டது. குடிக்குள்ளும் ஒரே பெண்ணின் வயிற்று வழி வந்தவர்களை 'வயிற்றுவார்' என்று தனியே அறிந்து வைத்திருந்தனர். பெண் மக்களுக்கு வீடும் வளவும் சீதனமாக வழங்கப்பட்டு, மாப்பிள்ளை மனைவியின் வீட்டிற்கு வந்து வாழும் வழக்கம் இருந்தமையால், மூத்தம்மாவின் வளவைச் சுற்றியே சாச்சிமாரும் அவர்களின் பெண் மக்களும் குடியிருந்தனர். எழுதி வைக்கப்படாத வம்சாவளி ஒன்று நிலத்தின் மீதே வரையப்பட்டிருந்தது எனலாம்.

குடி என்பது திருமணத்தோடு மாத்திரம் நின்றுவிட்ட ஒன்றுமல்ல. பல ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திற்குக் குடிக்கு ஒருவராக மரைக்கார்கள் தெரிவு செய்யப்பட்டனர். ஊர்ப் பிணக்குகள் அவர்கள் முன்னிலையிலேயே பேசித் தீர்க்கப்பட்டன. நிருவாகிகளின் நியமனம் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் வந்ததன் பின்னரும் இம்மரபு உடனே மறைந்துவிடவில்லை.

இவ்வமைப்பு முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இப்பிரதேசத்துத் தமிழ் மக்களிடையேயும் குடி முறை உண்டு. கோயில் திருவிழாக்களில் குடிவாரியாக உரிமைகள் பகிரப்படுவதை இன்றும் காணலாம். 1970களில் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இரு சமூகங்களின் குடி முறைகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு விரிவான நூலொன்றை வெளியிட்டார். திமிலருக்கு எதிரான போரில் முக்குவருக்கு முஸ்லிம்கள் துணை நின்றனர் என்றும், அதன் பின்னர் முக்குவப் பெண்களை மணந்து இங்கேயே நிலைத்தனர் என்றும் வழங்கும் மட்டக்களப்பு வாய்மொழி மரபு யாவரும் அறிந்ததே. போர்த்துக்கேயரால் 1626ஆம் ஆண்டு அவர்களது ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியமர்த்திய செய்தியையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வந்தவர் பலராயினும் அவர்களை மண்ணோடு பிணைத்தது இங்கிருந்த தாய்மாரின் வழியே என்பதை இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்குவோர் உணர்வர்.

தாய்வழியைப் பேணுதல் மார்க்கத்திற்கு முரணானது என்று எண்ணுவோரும் உளர். பிள்ளைகளைத் தந்தையரின் பெயரால் அழைக்க வேண்டும் என்பது திருமறையின் போதனை. அதனை நமது பெயரிடும் முறை முழுமையாக நிறைவேற்றுகின்றது. அதே வேளை, உறவினரோடு சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான அளவிற்கு வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு நபிமொழி பணிக்கின்றது. உறவு என்பது தந்தை வழியோடு முடிந்துவிடுவதில்லை. மரண சாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரகாரம், அவர் சார்ந்த பிரிவின் மார்க்கச் சட்டப்படியே பங்கிடப்படுகின்றது. பெற்றோரும் பிள்ளைகளும் இல்லாத ஒருவரின் சொத்தில், தாய் ஒருவராகவும் தந்தை வேறாகவும் உள்ள சகோதர சகோதரிகளுக்கும் அச்சட்டத்தில் பங்குண்டு. தாய்வழியை அறியாதவர் அப்பங்கை எவ்வாறு நிறைவேற்ற இயலும்?

உலகில் நாம் தனித்து நிற்கவும் இல்லை. இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராவில் வாழும் மினாங்கபாவு முஸ்லிம்கள் குலத்தையும் பரம்பரைச் சொத்தையும் தாய்வழியாகவே பேணி வருகின்றனர். வட கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களின் தறவாடுகளும் தாய்வழியில் அமைந்தவையே. தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் வீடு பெண் மக்களுக்கே செல்கின்றது. இந்துமாக்கடலின் கரைகளில் வணிகர்களும் மாலுமிகளும் வந்து போன இடங்களிலெல்லாம் வீட்டை நிலைநிறுத்தியவர்கள் பெண்களே என்பதற்கு இவை சான்றுகளாகும்.

இத்தகைய சிறப்புடைய அமைப்பிற்கு இன்று நேர்ந்திருக்கும் ஆபத்து யாதெனில், அது நாவிலே மாத்திரம் வாழ்கின்றது என்பதுதான். அரசாங்கத்தின் ஏடுகளில் அதற்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவளிக் குடியுரிமையைத் தந்தை, தந்தையின் தந்தை, அவரது தந்தை என்ற ஒரே வழியில் வகுத்தது. நமது பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் கூடு இருக்கின்றது. பாட்டியாருக்கு அவ்வாறான கூடு கிடையாது. தாயின் வழியாகவும் குடியுரிமை பெறலாம் என்ற திருத்தம் வருவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தையே கட்டாயமாக்கவில்லை என்பது நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வரும் குறைபாடாகும். சுருங்கக் கூறின், அரச ஏடுகள் ஆணின் வழியை எழுதி வைத்தன. பெண்ணின் வழியை ஊரின் மூத்த பெண்கள் நினைவில் வைத்திருந்தனர்.

அந்த நினைவைத் தாங்கி நின்ற ஊரமைப்பு கடந்த சில தசாப்தங்களில் சிதைவடைந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ், முஸ்லிம் உறவில் ஏற்பட்ட விரிசலும், 1990ஆம் ஆண்டின் படுகொலைகளும் மக்களை ஊர் விட்டு ஊர் துரத்தின. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் முற்றாக வெளியேற்றப்பட்டபோது ஒரு சமூகத்தின் உறவு வலையே அறுந்து போனதைக் கண்டோம். பின்னர், 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்திற்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. நாட்டில் மிகக் கூடிய உயிரிழப்பு இம்மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. வீட்டிலிருந்த உறுதிகளும், சான்றிதழ்களும், திருமணப் பதிவுகளும் கடலோடு சென்றன. அவற்றின் பிரதிகளைக் கச்சேரியில் பெற்றுக்கொள்ள முடிந்தது. மூத்தம்மாமாரின் நினைவிலிருந்த குடி வரலாற்றிற்கோ பிரதி ஏதும் இருக்கவில்லை.

அனர்த்தத்தின் பின்னர் நிகழ்ந்தவையும் இழப்பைப் பெருக்கின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீள்கட்டுமானத்திற்குத் தடை விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோதிலும், அதற்கிடையில் பல குடும்பங்கள் வேறிடங்களுக்குச் சென்றுவிட்டன. புதிய வீட்டுத் திட்டங்களில் சகோதரிகள் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் ஒழுங்கு கவனிக்கப்படவில்லை. சீதனமாகப் பெண்ணுக்கு உரித்தாயிருந்த வீட்டிற்குப் பதிலாகக் கிடைத்த வீடு, குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்ட சம்பவங்கள் பலவற்றை ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் சுட்டிக்காட்டினர். தாய்வழி நினைவு மங்கினால் சொத்துரிமையும் சேர்ந்தே மங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

பொத்துவிலுக்கு இவ்விடயம் மேலும் ஒரு வகையில் முக்கியமானது. அம்பாறைக் கரையோரத்தின் தமிழ் பேசும் ஊர்களில் தென்கோடியில், பாணமைப் பற்றில் அமைந்துள்ள இவ்வூரில் காணி உரிமை நெடுங்காலப் பிரச்சினையாகும். அம்பாறை 1961ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்திய ஆவணங்கள் மட்டக்களப்பு நிருவாகத்தின் கீழ் உருவானவை. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டதை அடுத்து, முகுது மகா விகாரையைச் சூழவுள்ள காணிகள் பற்றிய சர்ச்சை பொத்துவிலில் பெரும் கவலையைத் தோற்றுவித்தது. விகாரையின் தொன்மையை மதிப்பது அனைவரதும் கடமை. அதேபோன்று, அயலில் வாழும் மக்கள் எத்தனை தலைமுறையாக அங்கிருக்கின்றனர் என்பதும் வரலாறே. அவ்வரலாற்றைக் கூறுவதற்குக் குடும்ப ஏடுகள் இல்லாத சமூகம், தன்னைப் பற்றிய சாட்சியத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்ட சமூகமாகவே நிற்க நேரிடும்.

குடி முறையில் குறைகள் இல்லை என்று நாம் கூறவரவில்லை. உயர்ந்த குடி, தாழ்ந்த குடி என்ற பேச்சும், அதன் பேரில் திருமணங்கள் தட்டிக் கழிக்கப்பட்டதும், பள்ளிவாசல் பதவிகளில் போட்டி ஏற்பட்டதும் உண்மையே. கோத்திரங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே, சிறப்பு இறையச்சத்திலேயே என்ற போதனையுடைய சமூகம் குடிப் பெருமைக்கு இடமளிக்கலாகாது. சீதனத்தின் பெயரால் பெண்ணைப் பெற்றோர் சுமக்கும் பாரத்தையும் நியாயப்படுத்த இயலாது. ஆயின், ஓர் அமைப்பின் தீமைகளைக் களைவது வேறு, அதில் பொதிந்துள்ள அறிவை அழியவிடுவது வேறு. அவ்வறிவு அழிந்த வெற்றிடத்தில், ஆதாரமின்றி எங்கோ ஓர் அரபு நாட்டு வணிகரைத் தமது மூதாதையாக அறிவித்துக்கொள்ளும் போக்கு தலைதூக்குவதையும் காண்கின்றோம். கடல் கடந்து வந்த ஒரு தந்தையைத் தேடும் ஆர்வத்தில், இம்மண்ணிலேயே வாழ்ந்து மடிந்த எத்தனையோ தாய்மாரை மறப்பது நன்றியுடைமை ஆகாது.

செய்ய வேண்டியது பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று. ஒவ்வொரு குடும்பமும் உம்மா, உம்மாவின் உம்மா, அவரது உம்மா எனத் தெரிந்தவரை பின்னோக்கி எழுதி வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் பெயர், வழங்கு பெயர், குடி, பிறந்த ஊர், வாழ்ந்த வளவு, கூடப் பிறந்தோர், கணவரின் பெயரும் குடியும் என்ற விபரங்கள் போதுமானவை. எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் முதலில் செல்ல வேண்டும். பாடசாலை மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் தம் வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதுவதைப் பயிற்சியாக்கலாம். வெளிநாடுகளில் இருப்போர் தொலைபேசியிலேயே பேசிப் பதிவு செய்து, ஊரிலுள்ள உறவினரின் ஏட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரு கிளைகள் கூறுவதில் வேறுபாடு இருப்பின் இரண்டையும் எழுதி, யார் கூறியது என்பதையும் குறிப்பிடுவதே நேர்மையான முறை. சிதறிய கிளைகள் மீண்டும் பேசத் தொடங்குவதற்கு இதுவே நல்ல காரணமாகவும் அமையும்.

ஊர் மட்டத்தில் இப்பணியைப் பள்ளிவாசல்கள் பொறுப்பேற்பது பொருத்தமானது. முற்காலத்து மரைக்கார்கள் குடியின் பிரதிநிதிகளாக இருந்தனர் என்றால், இன்றைய நிருவாகிகள் குடியின் ஏடுகளைப் பாதுகாப்பவர்களாக இருக்கலாம். உயிரோடு இருப்போரின் விபரங்கள் குடும்பத்திற்குள்ளேயே இருக்க வேண்டும். மறைந்தோர் பற்றிய பகுதியை மட்டும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலும், 2005ஆம் ஆண்டு முதல் தமிழ் பேசும் இலங்கையரின் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேகரித்து வரும் நூலகம் நிறுவனத்திலும் சேர்ப்பிக்கலாம். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும். கடலோரத்தில் வாழும் மக்கள் 2004இல் கற்றுக்கொண்ட பாடம் அதுவே.

இவ்வேடுகள் எழுதப்படும்போது மற்றொரு நன்மையும் விளையக்கூடும். அயலூர்த் தமிழர்களும் தமது குடி வரலாற்றை எழுதுவார்களாயின், இரு சமூகங்களும் ஒரே முறையால் உறவைக் கணக்கிட்டு, ஒரே விதமாகப் பெண் மக்களுக்கு வீடு கொடுத்து வாழ்ந்து வந்தமை இரு தரப்பு இளைஞர்களுக்கும் தெரியவரும். யுத்தம் ஏற்படுத்திய காயங்களை ஓர் ஏடு ஆற்றிவிடாது. ஆயினும் நேற்று எவ்வாறு அயலவராக இருந்தோம் என்பதை அறிந்தவர்களுக்கு நாளை அயலவராக இருப்பது சற்று எளிதாகும்.

நமது ஊர்களில் குடி, வளவு, வயிற்றுவார் என்று மூச்சு விடாமல் சொல்லக்கூடிய மூத்தம்மாமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். ஒவ்வொரு ஜனாஸாவோடும் அவர்களின் எண்ணிக்கை குறைந்து வருகின்றது. அடுத்த பெருநாளுக்கு ஊர் திரும்புவோர் கைப்பேசியில் படம் பிடிப்பதோடு நின்றுவிடாமல், ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர்களருகில் அமர வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.