பாட்டை உருவாக்கியவர் யார்?

'அடுத்தவன் பாட்டை எடுத்து மெஷினில் தட்டி ஹிட் ஆக்கினார்கள், இதில் என்ன பெருமை?' சாஃப்ட் செல் குழுவின் 'டெய்ன்டட் லவ்' பற்றி இப்படி அலுத்துக்கொள்பவர்கள் கணக்கையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

எழுதியவர் எட் காப். 1965-இல் அமெரிக்காவில் குளோரியா ஜோன்ஸ் பாடி வெளிவந்தபோது அது இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டு, சீந்துவாரில்லை. பிறகு அதைக் காப்பாற்றியவை வட இங்கிலாந்தின் நடன கிளப்புகள். 1981-இல் மார்க் ஆல்மண்டும் டேவ் பாலும் வேகத்தைக் குறைத்தார்கள், வாத்தியக் கோஷ்டியைத் தூக்கிவிட்டு சிந்தசைஸரை வைத்தார்கள். துள்ளி ஓடிய கோபம், தப்பிக்கத் தெரியாதவனின் வறண்ட வேதனையாக மாறியது. பிரிட்டனில் முதலிடம்!

ஆனால் இயற்றியவருக்கான ராயல்டியில் இருவருக்கும் சல்லிக்காசு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பின்பக்கத்திலும் சுப்ரீம்ஸ் பாடிய பழைய பாட்டையே போட்டார்கள். சொந்தப் பாட்டு போட்டிருந்தால் அந்தப் பங்காவது வந்திருக்கும்.

காப்புக்குப் பணம் போனது நியாயம்தான். ஆனால் 16 வருடம் கழித்து அந்தப் பாட்டுக்கு வேறொரு அர்த்தமே கொடுத்தவர்களின் உழைப்பு, அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. அதையும் 'காப்பி' என்று ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?